கனிக்கு எத்தனை மாதம்?

தாராவியில் என் தங்கை மாரியின் வீட்டுக் கதவைத் தட்டுவதற்குள், நான் என்ன காரியமாக வந்திருக்கிறேன் என்று மூன்று பேர் விசாரித்துவிட்டார்கள். மூவரும் சுத்தத் திருநெல்வேலித் தமிழ். "மாரியோட அண்ணனா? கரண்டாபீஸ்ல இருக்கிறவுகதான? பிள்ளைய டாக்டருகிட்ட காட்டவா வந்திய?" அத்தனை தூரம் ரயிலில் உட்கார்ந்து வந்தவனுக்கு, கிளம்பின இடத்துக்கே திரும்பிவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லலாம் என்றால் சந்தில் பெட்டி வைக்க இடமில்லை. தோளில் சுமந்தபடியே மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு "ஆமா" சொன்னேன்.

எங்கள் ஊரில் யாரும் மும்பையை வெளிநாடு என்று சொல்வதில்லை. ஆனால் போய் வந்தவனிடம் கேட்கிற கேள்வியெல்லாம் வெளிநாட்டுக் கேள்விதான். தண்ணி ஒத்துக்கிட்டுதா, சோறு கிடைச்சுதா, என்ன பாஷை பேசினே? தென்காசிப் பக்கம் வீடு வீடாகப் போய் மின்மீட்டரில் கணக்கெடுப்பது என் வேலை. நாய்க்கடி வாங்கின அனுபவம் உண்டு. பெரிய நகரத்து ரயிலில் ஏறின அனுபவம் இல்லை.

போன காரியம் இதுதான். மாரியின் மகள் கனி குறைமாதக் குழந்தை. மும்பையில் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்த பத்தாம் நாளே மாரிக்கு வலி கண்டுவிட்டது. இருபத்தெட்டு வாரம். பிள்ளை ஒரு கிலோதான் இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அந்தச் சின்னத் தலையில் வயர்களை ஒட்டி, மூளை எப்படி வேலை செய்கிறது என்று திரையில் பார்த்தார்கள். கோடுகள் கொஞ்ச நேரம் நெளியும். பிறகு ஒன்றுமில்லாமல் நேராக ஓடும். மறுபடி நெளியும். கோடைக்காலத்தில் எங்கள் ஊர்க் கரண்ட் மாதிரி. நான் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, நேராக ஓடுகிற நேரத்திலெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இந்த வாரத்துக் குழந்தைக்கு விட்டு விட்டுத்தான் வரும், அது தப்பில்லை. இவளுக்கு இடைவெளி கொஞ்சம் நீளமா இருக்கு. பின்னால நடை, பேச்சு எல்லாம் எப்படி வரும்னு இப்பவே சொல்ல முடியாது. பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார் அங்கிருந்த டாக்டர். அந்த 'சொல்ல முடியாது' என்ற வார்த்தை அன்றிலிருந்து மாரியைத் தூங்க விடவில்லை. இப்போது செம்பூரில் பார்க்கிற டாக்டர், மறுபடி ஒரு மூளைப் பதிவு எடுக்கப் போவதாகவும் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழைய தாள்கள் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். கூரியரில் அனுப்பச் சொன்னாள் மாரி. எனக்கு மனசு கேட்கவில்லை. தாய்மாமன் எதற்கு இருக்கிறான்? லீவு போட்டுத் தாள்களையும் ஒரு கட்டுப் பனங்கிழங்கையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கனி கதவைப் பிடித்துக்கொண்டு நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நாலு எட்டு நடந்து வந்து என் பெட்டியை ஓர் அடி அடித்தாள். நடக்கிறாள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை இசக்கி தோல்பை தைக்கிற பட்டறைக்குப் போயிருந்தான். ஆர்டர் நேரம், நாலு நாள் லீவு கிடையாது.

எதிர்வீட்டு ஆமினா அக்கா கையில் டீயோடு வந்தார். ஏரல் பக்கத்துக்காரர், முப்பது வருஷமாக இங்கே. "உங்க மருமவள பாத்தியளா, ஒன்னரை வயசுல என்ன போடு போடுதா!" என்றார்.

"ஒன்னரையா? இவளுக்கு..." என்று நான் ஆரம்பித்ததும் மாரி என் கால் கட்டைவிரலை நசுக்கினாள். அந்த ரயில் பயணம் முழுக்க வாங்காத வலியை அங்கே வாங்கினேன்.

அக்கா போனதும் கேட்டேன். மாரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எண்ணே, நான் என்ன செய்ய? வளைகாப்புக்கு வந்த பொம்பளைய எல்லாரும் ஆடி மாசம் பிள்ளை பொறக்கும்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருந்தாவ. நம்ம பிள்ளையும் ஆடியிலதான ஆஸ்பத்திரிய விட்டு வீட்டுக்கு வந்துச்சு? அதையே பொறந்த நாளுன்னு சொல்லிட்டேன். நெசத்தச் சொன்னா, இன்னும் உக்காரலியா, இன்னும் பல்லு வரலியான்னு தெனமும் கேட்டே கொன்னுருவாவ."

எனக்கு அது பெரிய தப்பாகத் தெரியவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஏதோ தாய் மனசு என்று விட்டுவிட்டேன். மூன்று மாதப் பொய், யாருக்கு என்ன நஷ்டம்?

மறுநாள் மாட்டுங்கா. மூளைப் பதிவுக்கு முன்னால் குழந்தையின் வளர்ச்சியைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி, டாக்டர் ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருந்தார். டாக்ஸிக்காரர்கள் கிட்டத்து சவாரி என்று மூன்று பேர் மறுத்துவிட்டார்கள். நான்காமவர் மறுக்கக்கூட இல்லை, கண்ணாடியை ஏற்றிவிட்டார். நடந்தே போனோம். தாராவியிலிருந்து பொடிநடையில் வந்தால் போதும், தமிழே வேறாகிவிடுகிறது. பூக்கடையில் ஒரு மாமி, "இன்னிக்கு மல்லி நன்னால்லையே" என்று இந்திக்காரப் பூக்காரரிடம் தமிழில் சண்டை போட, அவர் தமிழிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சோதனை செய்த கோமதி மேடம் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரர். "வாங்கோ, உக்காருங்கோ. குழந்தைக்கு எந்த பாஷை பழக்கம்?" என்றார். தமிழ் என்றதும் தரையில் உட்கார்ந்துவிட்டார். கனி மூன்று கட்டைகளை அடுக்கினாள். "மூக்கு எங்கே?" என்றதற்குத் தன் மூக்கை விட்டுவிட்டு மேடத்தின் மூக்கைப் பிடித்தாள். பென்சிலால் கிறுக்கினாள். டப்பாவுக்குள் ஒளித்த பொம்மையைத் தேடி எடுத்தாள். பேச்சு மட்டும் சிக்கனம். 'ம்மா', 'தா', பக்கத்துப் பட்டறையில் கற்றுக்கொண்ட இந்தி 'சலோ', அவ்வளவுதான். 'மாமா' வருமா என்று நான் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை.

"ரொம்ப சமத்து. வயசுக்கு மேலேயே பண்றா, கேட்டேளா? இப்போதைக்கு இவளுக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லி மேடம் தாளைக் கொடுத்தார். மாரி அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சந்தோஷத்தில் பெரிய ஓட்டலுக்கே போனோம். மும்பையில் மேஜை உங்களுடையதல்ல, நாற்காலிதான் உங்களுடையது. எங்கள் எதிரே முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் உட்கார்ந்து ரசவடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இட்லி பஞ்சு. சாம்பார்தான் இனித்தது. சாம்பாரில் வெல்லம் போடுகிறவர்களை எங்கள் ஊரில் பந்தியில் உட்கார வைக்க மாட்டார்கள். மாரி ஒரு வாய் சாப்பிடுவாள், கனியை முத்தமிடுவாள். "எண்ணே, அதான் நல்லாருக்கான்னு சொல்லிட்டாவள்லா. செம்பூருக்கு எதுக்குப் போவணும்? மறுபடி தலையில வயர ஒட்டிப் பிள்ளைய எதுக்குப் படுத்தணும்? வேண்டாம்னு போன் பண்ணிருதேன்."

நான் பழக்க தோஷத்தில் மேடம் கொடுத்த தாளை மேலிருந்து கீழே படித்தேன். மீட்டர் பார்க்கிறவனுக்குப் போன தடவைக் கணக்கைப் பார்க்காமல் இந்தத் தடவைக் கணக்கை நம்ப முடியாது. வயது பதினெட்டு மாதம் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, குறைமாதம் கழித்து, பதினைந்து மாதம். கையிலிருந்த உறையிலிருந்து பழைய மூளைப் பதிவை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"மாரி, இங்க பாரு. இந்தத் தாளு மே மாசம் எடுத்தது. நீ இவளுக்குப் பொறந்த தேதி ஆகஸ்ட்னு குடுத்திருக்க. பொறக்கதுக்கு முன்னாடியே மூளைப் படம் எடுத்துக்கிட்ட பிள்ளை உலகத்துலயே இவ ஒருத்திதான்."

அவள் முகம் மாறியது. சோதனைக்குப் பேரைப் பதிய வந்த அன்று துணைக்கு ஆமினா அக்கா வந்திருக்கிறார். கவுண்டரில் பிறந்த தேதி கேட்டபோது அக்கா பக்கத்திலேயே நின்றாராம். வாய் தானாக ஊருக்குச் சொல்கிற தேதியைச் சொல்லிவிட்டது. டாக்டர் சீட்டிலோ இருபத்தெட்டு வாரத்தில் பிறந்தவள் என்று இருக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு முன்கூட்டி வந்த மாதங்களைக் கழித்துவிட்டுத்தான் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடுவார்களாம். கனி பிறந்து இருபத்தொரு மாதம். மூன்றைக் கழித்தால் பதினெட்டு. ஆனால் மாரி வீட்டிலேயே ஒரு தடவை கழித்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே இன்னொரு தடவை கழித்துவிட்டார்கள். பதினைந்து மாதப் பிள்ளையோடு போட்டி போட்டுத்தான் எங்கள் கனி ஜெயித்திருக்கிறாள்.

"சொல்லாதண்ணே" என்றாள் மாரி. "உனக்குப் புண்ணியமாப் போவும். ரெண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் எனக்குச் சோறு எறங்குது. தேதிய மாத்திச் சொன்னா எம்பிள்ளைய மந்தம்னு எழுதிருவாவ."

"எழுதினா எழுதட்டும்டி! தப்பான கணக்க வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற?"

"உன் பிள்ளையா இருந்தா இப்படிப் பேசுவியா?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டுவிட்டது. எனக்குப் பிள்ளை கிடையாது, அது அவளுக்கும் தெரியும். எதிரே இருந்த பெரியவர் தலையைத் தூக்காமலே, "காப்பி ஆறிப் போறது. குடிச்சுட்டுச் சண்டை போடுங்கோ" என்றார். குடித்தோம். சண்டை போடவில்லை. வீடு வரைக்கும் மாரி எனக்கு முன்னாலேயே நடந்தாள்.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. வாயை மூடிக்கொண்டு ஊருக்கு ரயிலேறிவிட்டால் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். ஆனால் அந்தக் கண்ணாடிக் கதவு நினைவுக்கு வந்தது. நான் மட்டும் அந்தக் கோட்டைப் பார்க்காதவனாக இருந்திருந்தால் சும்மா இருந்திருப்பேன்.

மூன்றாம் நாள் காலையில் மாரியே கனியைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள். "கெளம்பு."

"எங்க?"

"மாட்டுங்காவுக்கு. நேத்து தண்ணி வேணும்னு டம்ளரக் கையக் காட்டுனா. வாயத் தொறந்து கேக்கல. பதினஞ்சு மாசத்துக்கு அது போதும். பதினெட்டுக்குப் போதுமா? எனக்குத் தெரிய வேண்டாமா?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "நேத்து சொன்னத மனசுல வச்சுக்கிடாதண்ணே."

நான் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. செருப்பை மாட்டினேன்.

மாரி கோமதி மேடத்திடம் உண்மையான தேதியைச் சொன்னாள். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நேக்கு ஒரு நஷ்டமும் இல்லைம்மா. தேதியைத் தப்பாச் சொன்னா நஷ்டம் குழந்தைக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறொரு தாளை எடுத்தார். முந்தைய நாள் செய்ததையெல்லாம் பதினெட்டு மாதத்துக் கணக்கில் மறுபடி பார்த்தார். நாலாவது கட்டையை வைக்கச் சொன்னார். வைத்தாள், விழுந்தது. மறுபடி வைத்தாள், நின்றது. டம்ளரில் தானே குடித்தாள். படப் புத்தகத்தில் நாயைக் காட்டச் சொன்னதற்குக் காட்டினாள், ஆனால் பேர் சொல்லவில்லை. மாரி என் கையைப் பிடித்திருந்த இடத்தில் நகம் பதிந்துவிட்டது.

"பயப்படாதேள்" என்றார் மேடம். "நடை, கை வேலை, புரிஞ்சுக்கறது எல்லாம் வயசுக்குச் சரியாத்தான் இருக்கு. பேச்சு மட்டும் கொஞ்சம் பின்னாடி. இது பிடிச்சுக்கக்கூடியதுதான். வாரம் ஒருநாள் அழைச்சுண்டு வாங்கோ. கையைக் காட்டினா உடனே குடுத்துடாதேங்கோ. 'தண்ணி'ன்னு சொல்லிச் சொல்லிக் குடுங்கோ. நேத்திக்குப் போட்ட கணக்கோட விட்டிருந்தா, இதை நான் கவனிச்சே இருக்க மாட்டேன்."

படியிறங்கும்போது மாரி, "சரியாத்தான் இருக்குன்னு சொன்னாவள்லா? சொன்னாவள்லா?" என்று நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் ஆமாம் என்றேன். எனக்கும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.

நான்காம் நாள் செம்பூர். பதிவின்போது கனி தூங்க வேண்டும், அதனால் விடியற்காலையிலேயே எழுப்பி, தூங்கவிடாமல் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். தலையில் எண்ணெய்ப் பசையே இருக்கக் கூடாதாம். மாரி மூன்று தடவை ஷாம்பு போட்டாள். பிள்ளை தலை தேங்காய் நார் மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது.

சயானில் ரயிலேறினோம். மாரியும் கனியும் பெண்கள் பெட்டியில், பழைய தாள்களோடு நான் பொதுப் பெட்டியில். அடுத்த ஸ்டேஷன் குர்லா. அங்கே இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். நான் இறங்கத்தான் போனேன். குர்லாவில் ஏறின கூட்டம் என்னைப் பின்பக்கமாகவே உள்ளே கொண்டுபோய் வைத்தது. "இறங்கணும், இறங்கணும்" என்று தமிழில் கத்தினேன். "குர்லாவில் இறங்குகிறவன் சயானிலேயே கதவில் தொங்கியிருக்க வேண்டும், சித்தப்பா" என்று ஒரு பையன் இந்தியில் புத்தி சொன்னதாகப் பக்கத்திலிருந்தவர் எனக்கு விளக்கினார். வித்யாவிஹாரில் இறக்கிவிட்டார்கள். இறங்கவில்லை, இறக்கினார்கள். திரும்பி வருவதற்குள் மாரியிடமிருந்து ஏழு போன். "சவத்த, இவன நம்பிப் பிள்ளைய..." என்று ஆரம்பித்தாள், என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

பதிவு எடுக்கிற அறையில் ஒரு மராத்திக்காரத் தம்பி. தலை முழுக்கப் பசை வைத்து வயர்களை ஒட்டி, முண்டாசு மாதிரி துணி சுற்றினார். இப்போது தூங்க வேண்டும். கனி தூங்குவாளா? மெத்தையில் போட்டால் எழுந்து உட்கார்ந்தாள். பாட்டுப் பாடினால் முண்டாசைப் பிடித்து இழுத்தாள். முக்கால் மணி நேரம் போயிற்று. "இன்று முடியாது, வேறொரு நாள் வாருங்கள்" என்றார் தம்பி.

"எண்ணே, இவளுக்குத் தொட்டில் இல்லாம உறக்கம் வராது" என்றாள் மாரி. கொக்கி எங்கே இருக்கிறது அங்கே? பையிலிருந்த பழைய சேலையை எடுத்து, ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். மறு முனையை அந்தத் தம்பியின் கையிலேயே கொடுத்துவிட்டாள்! அவர் திகைத்துப் போனார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வேலை யாரும் தனக்குத் தந்ததில்லை என்றார். ஆனாலும் பிடித்துக்கொண்டார். தொங்குகிற வயர்களை மாரி தாங்க, நாங்கள் இரண்டு ஆம்பிளைகள் ஆட்ட, பத்தே நிமிஷத்தில் கனி வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். பைய மெத்தையில் இறக்கினோம். தம்பி மூச்சுக்கூட விடாமல் வயர்களைப் பெட்டியில் சொருகினார்.

திரையில் கோடுகள் வந்தன. நான் பார்க்க மாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்தேன். நெளிந்துகொண்டே ஓடின. நேராகப் போகிற இடத்துக்காகக் காத்திருந்தேன். ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கரண்ட் போகவே இல்லை. சேலையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்தத் தம்பி என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

டாக்டர் பழைய தாளையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இந்தியில் நிதானமாகச் சொன்னதை மாரி எனக்குத் தமிழில் சொன்னாள். இந்த வயதுத் தூக்கத்தில் வர வேண்டிய அலைகள் வந்திருக்கின்றன, அந்த இடைவெளிகள் இல்லை. இந்தத் தாளை மட்டும் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது, வளர்ச்சியைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஆனால் பயப்படும்படி இதில் தனக்கு ஒன்றும் தெரியவில்லை. பேச்சுப் பயிற்சியை விட வேண்டாம். ஆறு மாதம் கழித்து வந்தால் போதும்.

வெளியே வந்து வடாபாவ் வாங்கித் தின்றோம். நாலு நாளில் முதல் தடவையாக நாக்கில் உறைத்தது. ரொட்டிக்குள் போண்டாவை வைப்பது என்ன சாப்பாடு என்று ஊரில் கேலி பேசியவன்தான் நான். இரண்டு தின்றேன்.

சாயங்காலம் சந்துக்குள் நுழைந்தபோது குழாயடியில் ஆமினா அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் நின்றார்கள். "ஏட்டி மாரி, டாக்டர் என்ன சொன்னாவ?" என்றார் அக்கா. மாரி நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போயிருக்கலாம். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கனியை இடுப்பிலிருந்து தரையில் இறக்கிவிட்டாள்.

"அக்கா, இவளுக்கு ஒன்னரை வயசு இல்ல. இருபத்தொரு மாசம். மூணு மாசம் முன்னாலயே பொறந்துட்டா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்தா. மூளை சரியா வருமான்னு தலையில வயர ஒட்டிப் பாத்தாவ. வராமப் போயிருமோன்னு பயந்துதான் உங்ககிட்ட எல்லாம் பொய் சொன்னேன். இப்பம் நடக்கா. பேச்சுதான் கொஞ்சம் லேட்டாம். அதுவும் வந்துருமாம்."

குழாய்த் தண்ணீர் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. ஆமினா அக்கா வந்து மாரியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அட என் பிள்ளே," என்றார். "இம்புட்டையும் ரெண்டு வருஷமா நீ ஒத்தையிலயா சுமந்த?"